மணியும் பிரம்பும்

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. அதன் பெயர் மணி. தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு மணியாவது இருப்பதால், பெயரை வெளியிடுவதில் அதற்கு மானநஷ்டம் ஒன்றும் இல்லை. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று குலப் பெருமை பேசத்தக்க நாய் அல்ல அது. ஓர் ஐப்பசி அடைமழையில் எங்கள் கொல்லைக் கொட்டகையில் வந்து ஒதுங்கிய தெரு நாய் போட்ட நாலு குட்டிகளில் ஒன்று. ஒரு காது விறைத்து நிமிர்ந்திருக்கும். மற்றொரு காது, 'எதற்கு இந்த அவசரம்?' என்று கேட்பதுபோல் மடிந்து கிடக்கும்.

இது நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது தஞ்சாவூரில் குடியிருந்தோம். நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், மேஜைமேல் வைத்திருந்த எட்டாம் அத்தியாயம் மேஜைக்கு அடியில் சுக்கு நூறாகக் கிழிந்து கிடந்தது. மணி கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தது. கிழிந்த காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "மணி!" என்று கத்தினேன். அதன் காதுகள் இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன. வால் கால்களுக்கிடையே போயிற்று. முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது. கடைக்கண் மட்டும் என்னைப் பார்த்தது.

"முழிக்கிற முழியைப் பாருங்க! இதுக்கு மேலே சாட்சி வேணுமா?" என்றாள் என் மனைவி.

எனக்கும் வேண்டியிருக்கவில்லை. அண்டை வீட்டுக்காரர் ஒருவர், "நாய்க்கு எஜமான் யார் என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிட வேண்டும், சார்! அடியாத மாடு படியாது" என்று உபதேசம் செய்து, ஒரு பிரம்பையும் இனாமாகக் கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு, "மணி, இங்கே வா!" என்றேன். வந்தது. வயிற்றைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தது. நாலு அடி கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்துப் புத்தக அலமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னால் ஓர் எலி வளையைக் கண்டோம். கண் திறக்காத எலிக்குஞ்சுகள் ஐந்து, என் எட்டாம் அத்தியாயத்தை மெத்தையாக விரித்துப் படுத்திருந்தன. என் எழுத்து யாருக்கோ கதகதப்பைத் தந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த மூன்று நாட்களும் மணி, நான் கூப்பிட்டால் வரவில்லை.

குற்றமே செய்யாத ஒரு ஜீவனின் முகத்தில் குற்றம் எப்படி எழுதியிருந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடி, அகப்பட்ட புத்தகங்களையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். நாயைப் பழக்கியவர்களின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, அது நாயின் சரித்திரமாகத் தோன்றவில்லை. மனிதன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்பதன் சரித்திரமாகவே தோன்றிற்று.

ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசெல் என்ற இடத்தில், 1914-ஆம் ஆண்டில் கல் வெட்டுகிறவர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண். அவர்களோடு ஒரு நாய்க்குட்டியின் எலும்புகள். காலம் சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன். அந்தக் குட்டியின் பற்களைச் சமீப காலத்தில் ஆராய்ந்தவர்கள், அது கடுமையான நோயில் பல வாரம் கிடந்திருக்கிறது என்றும், யாரோ பக்கத்தில் இருந்து பராமரிக்காமல் அத்தனை நாள் பிழைத்திருக்க முடியாது என்றும் சொல்கிறார்கள். வேட்டைக்கு உதவாத, காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டிக்கு அந்தக் குகை மனிதர்கள் பணிவிடை செய்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய உறவு இது. இருந்தும், நாயின் முகத்தைப் படிக்க நாம் முறையாகப் பள்ளிக்கூடம் போனது சென்ற நூற்றாண்டில்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் வாத்தியார் கையில், நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் போலவே, பிரம்பு இருந்தது. அவர் பெயர் கான்ராட் மோஸ்ட். ஜெர்மானியர். 1906-ஆம் ஆண்டில் ஸார்புருக்கன் நகரத்துப் போலீஸில் இருந்தபோது நாய்களைப் பழக்கத் தொடங்கினார். 1910-இல் தம் அனுபவத்தையெல்லாம் ஒரு நூலாக எழுதினார். பின்னால் வந்த போலீஸ் நாய்ப் பயிற்சிக்கும் பட்டாள நாய்ப் பயிற்சிக்கும் அந்த நூல் வேதம் போல ஆயிற்று.

மோஸ்ட் கொடியவர் அல்ல. அவசரப்பட்டு அவரைப் பழிக்கக் கூடாது. நாய்க்கு மனிதனுடைய தர்ம நியாயமெல்லாம் விளங்கும் என்று நினைப்பது தவறு என்று அடித்துச் சொன்னவர் அவர். இன்பமான பலன் கிடைத்த செய்கையை நாய் திரும்பச் செய்யும். துன்பமான பலன் கிடைத்ததை விட்டுவிடும். பலன் செய்கையோடு ஒட்டி வரவேண்டும். நேரம் கடந்து வந்தால் நாய்க்குச் சம்பந்தம் புரியாது. இந்த உண்மைகளை அவர் தம் வேலையிலிருந்தே கண்டுகொண்டார். ஆனால் அவரும் தம் காலத்துப் பிரஷ்யாவின் பிள்ளை. நாய்க்கூட்டத்தில் பலசாலியே தலைவன். எனவே மனிதன் நாயோடு போராடி, ஐயத்துக்கு இடமின்றி ஜெயித்துத் தலைவனாக வேண்டும் என்பது அவர் முடிவு. புத்தகத்தின் முதல் பாதி உண்மையை மறந்துவிட்டு, இந்த இரண்டாவது முடிவை மட்டும் உலகம் இறுகப் பிடித்துக்கொண்டது. எங்கள் அண்டை வீட்டுக்காரர் மோஸ்டின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் அவர் கொடுத்த பிரம்பு அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததுதான்.

அதே காலத்தில் ரஷ்யாவில் வேறொருவர் நாய்களோடு காலம் கழித்துக்கொண்டிருந்தார். இவான் பாவ்லாவ், பாதிரியார் வீட்டுப் பிள்ளை. உணவு எப்படி ஜீரணமாகிறது என்ற ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். பாவ்லாவ் என்றதும் எல்லாருக்கும் மணியோசை ஞாபகம் வரும். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். உண்மையில் அவருடைய கூடத்தில் மணியைவிட அதிகமாக ஒலித்தது, சங்கீதக்காரர்கள் தாளம் பிடிக்க வைத்துக்கொள்ளும் 'டிக் டிக்' கருவி. அது கிடக்கட்டும். எச்சில் கதையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டவை, அவ்வளவாக யாரும் சொல்லாத இரண்டு சோதனைகள்.

முதலாவது, 1914-ஐ ஒட்டி அவருடைய மாணவி ஒருவர் செய்தது. வட்டத்தைக் காட்டினால் நாய்க்கு உணவு உண்டு. முட்டை வடிவத்தைக் காட்டினால் இல்லை. நாய் இதை நன்றாகக் கற்றுக்கொண்டது. பிறகு அந்த முட்டை வடிவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்துக்கு நெருக்கமாக வரைந்துகொண்டே போனார்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் 9-க்கு 8 என்ற அளவு வந்தபோது நாய்க்கு இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. மூன்று வாரம் முயன்றது. பிறகு, அதுவரை பரம சாதுவாக நின்ற அந்தப் பிராணி ஊளையிட்டது, உடம்பை முறுக்கியது, தன்மேல் கட்டியிருந்த கருவிகளைப் பல்லால் கடித்துக் குதறியது. முன்பு சுலபமாகத் தெரிந்த பாடமும் மறந்துபோயிற்று. யாரும் அதை அடிக்கவில்லை. எது சரி, எது தப்பு என்று தெரியாமற்போனதே அதற்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். மணி சோபாவில் ஏறினால், நான் நல்ல மனநிலையில் இருந்த நாளில் தட்டிக்கொடுத்தேன். எழுத்து ஓடாத நாளில் விரட்டினேன். என் மனைவி ஏறக்கூடாது என்றாள். என் பெண் தூக்கி வைத்தாள். வட்டத்தையும் முட்டையையும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒன்றாக்கிவிட்டு, நாய்க்குப் புத்தி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது, யாரும் திட்டமிடாத சோதனை. 1924 செப்டம்பரில் லெனின்கிராடு நகரத்தில் நீவா நதி கரைபுரண்டது. பாவ்லாவின் நாய்கள் இருந்த கூடங்களில் வெள்ளம் புகுந்தது. அவற்றை நீந்த வைத்துத்தான் ஆராய்ச்சிக் கட்டடத்துக்குக் கொண்டுவர முடிந்தது. உயிர் பிழைத்த நாய்களில் சிலவற்றுக்குக் கற்ற பாடங்கள் அழிந்துபோயிருந்தன. பொறுமையாகப் பழக்கிய பின்பே அவை மீண்டும் வந்தன. அதன் பிறகு, அப்படி மீண்ட ஒரு நாய் நின்ற அறைக்குள் கதவு இடுக்கின் வழியாகக் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான், மீண்டு வந்த பாடம் மறுபடியும் கலைந்துபோயிற்று. ஒரு பெரிய பயம் போய்விட்டதாக நாம் நினைக்கலாம். ஒரு சிறு ஓடை அதைத் திரும்ப அழைத்து வந்துவிடும்.

பாவ்லாவின் நாய்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. அது அவருக்கும் தெரிந்திருந்தது. 1935-இல், அவருடைய முயற்சியால், அந்த ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டத்தில் நாய்க்கென்று ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். மறு வருஷம் அவர் காலமானார்.

பாவ்லாவ் இவ்வளவு சொல்லியும் பிரம்பு கீழே விழவில்லை. அதைத் தூக்கிப் பிடிக்க ஓநாய்கள் வந்து சேர்ந்தன. நாய் ஓநாயின் வழித்தோன்றல் அல்லவா? ஆகவே ஓநாயின் ராஜ்ய நீதிதான் நாய்க்கும் நீதி என்று பலர் எண்ணினார்கள். ஸ்விட்சர்லாந்தில் பாஸல் நகர மிருகக்காட்சிசாலையில் இருந்த ஓநாய்களைக் கவனித்து, ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓநாய்கள் தலைமைப் பதவிக்கு ஓயாமல் போட்டியிடுகின்றன. ஜெயித்தது தலைவன், மற்றவை அடங்கிக் கிடக்கின்றன என்று அதில் கண்டிருந்தது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மெக், 1970-இல் ஓநாயைப் பற்றி எழுதிய பெரிய நூலில் இந்தக் கருத்தை எடுத்துச் சொன்னார். நூல் பிரசித்தமாயிற்று. 'ஆல்பா' என்னும் கிரேக்க எழுத்து, நாய் வளர்ப்பவர்கள் வாயில் மந்திரமாயிற்று. நியூயார்க் மாகாணத்தில் நாய்களை வளர்த்து வந்த நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள், 1978-இல் வெளியிட்ட நூலில், அடங்காத நாயை மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடித்து, யார் தலைவன் என்று காட்டும் முறையைச் சிபாரிசு செய்தார்கள். சாதுக்களே சொன்ன பிறகு சம்சாரிகள் சும்மா இருப்பார்களா?

இந்தக் கோட்டையை இடித்தவர் யார் தெரியுமா? அதைக் கட்டியவர்களில் ஒருவரான அதே டேவிட் மெக்தான். 1986 முதல் பல கோடைகாலங்கள், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் என்னும் பனித் தீவில், சுதந்திரமாகத் திரியும் ஓநாய்க் கூட்டம் ஒன்றின் அருகில் தங்கி அதைக் கவனித்தார். அங்கே பதவிப் போராட்டம் எதையும் காணோம். ஒரு தகப்பன், ஒரு தாய், அவற்றின் குட்டிகள், முந்தைய ஈற்றுப் பிள்ளைகள்: கூட்டம் என்பது வெறும் குடும்பம்! 'தலைவன்' என்று பெயர் சூட்டப்பட்டது அப்பா ஓநாய். 1999-இல் இதை ஒரு கட்டுரையாக எழுதி, பழைய கருத்தைத் திருத்தினார். காட்சிசாலை ஓநாய்கள் சண்டையிட்டதில் ஆச்சரியம் இல்லை. உறவு இல்லாத அன்னியர்களை ஒரே கூண்டில் அடைத்துவிட்டு, அவர்கள் நடத்தையைக் குடும்ப தர்மம் என்று எழுதினால் எப்படி? ஒரு ரயில் பெட்டியில் ஜன்னல் ஓரத்துக்கு நடக்கும் சண்டையைப் பார்த்துவிட்டு, தமிழர் இல்லற வாழ்க்கையைப் பற்றி நூல் எழுதுவதற்கு ஒப்பாகும் அது.

மெக் அதோடு நிற்கவில்லை. தமக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்த 1970-ஆம் ஆண்டு நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் பலமுறை கேட்டுக்கொண்டார். 2022-இல்தான் அது நின்றது. நியூ ஸ்கீட் துறவிகளும் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில், மல்லாக்கத் தள்ளும் முறையைக் கைவிட்டுவிட்டதாக எழுதினார்கள். எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தன் புத்தகம் தவறு என்று தானே சொல்வதற்கு, ஓநாய்களுக்கு நடுவில் வசிப்பதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

பிரம்பு போனால் அதன் இடத்தில் எதை வைப்பது? இதற்கு விடை கடலிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற மனநூல் அறிஞரிடம் படித்த கெல்லர் பிரிலாண்டும் அவர் மனைவி மேரியனும், 1947-இல் மிருகங்களைப் பழக்கும் தொழில் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் பரவலாக்கிய உபாயம் எளிமையானது. பிராணி சரியானதைச் செய்த அதே கணத்தில் ஓர் ஒலி. அந்த ஒலியைத் தொடர்ந்து உணவு. 'நீ இப்போது செய்தாயே, அதுதான்!' என்று சுட்டிக்காட்டும் விரல் போன்றது அந்த ஒலி. பிறகு கேரன் பிரையர் என்ற பெண்மணி, ஹவாய்த் தீவில் ஊதலைக் கொண்டு டால்பின்களைப் பழக்கினார். டால்பினுக்குச் சங்கிலி மாட்ட முடியாது. அடிக்கப் போனால் நீருக்குள் போய்விடும். அதைச் சம்மதிக்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே கற்றதை எல்லாருக்கும் விளங்கும்படி 1984-இல் ஒரு நூலாக எழுதினார். அதன் பிறகு நாய்களுக்கும் நல்ல காலம் பிறந்தது. 'கிளிக்' என்று ஒலிக்கும் ஒரு சின்னப் பெட்டியும் சட்டைப்பையில் கொஞ்சம் தின்பண்டமும் வைத்துக்கொண்டு, உட்காருவதையும் கூப்பிட்டால் வருவதையும் அடியின்றிக் கற்பிக்கலாம் என்று ஆயிரக்கணக்கானோர் கண்டார்கள். எதிரே ஓடிப்போகக்கூடிய பிராணி இருந்தால்தான் நமக்கு மரியாதை வருகிறது போலும்!

பாடம் தொடங்க வேண்டிய பருவத்தையும் கண்டுபிடித்தார்கள். ஸ்காட், புல்லர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965-இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையில் குட்டியின் மனக்கதவு திறந்திருக்கிறது. அப்போது மனிதரை, குழந்தையை, தெருச் சத்தத்தைப் பயமில்லாமல் அறிமுகம் செய்துகொண்டால், ஆயுள் முழுவதும் தைரியமாக இருக்கும். அதே கூடத்தில், பதினாலு வாரம் மனித வாசனையே படாமல் வளர்ந்த குட்டிகள் காட்டு மிருகங்களைப் போல் ஒதுங்கி ஓடின. கடிக்கிற நாய் என்று நாம் சொல்லுவதில் பலவும் திமிர் பிடித்த நாய் அல்ல. அந்தப் பருவத்தில் பயத்தோடு விடப்பட்ட நாய்.

இனி என் பழைய கேள்விக்கு வருகிறேன். அதற்கு விடை கிடைக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூயார்க் நகரத்துப் பேராசிரியை அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ், பதினாலு நாய்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். எஜமானர், தின்பண்டத்தைக் காட்டி, 'தின்னாதே' என்று சொல்லிவிட்டு வெளியே போவார். அவர் இல்லாத நேரத்தில் சில தடவை நாய் அதைத் தின்னும். சில தடவை தின்ன விடாமல் அதை எடுத்துவிடுவார்கள். திரும்பி வரும் எஜமானரிடம் சில தடவை உண்மையும் சில தடவை பொய்யும் சொல்லப்படும். நாய் தின்றதாகச் சொன்னால் அவர் திட்டுவார். இவ்வளவுக்கும் நாயின் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் முகத்தில் வித்தியாசம் இல்லை. திட்டு வாங்கிய நாய்க்குத்தான் அந்தத் 'திருட்டு முழி' வந்தது. அதிலும், தின்னாமலே திட்டு வாங்கிய நாயிடம் அது அதிகமாகக் காணப்பட்டது!

காதைப் பின்னால் ஒட்டிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, நாக்கால் மூக்கை நக்குவது, வாலை ஒடுக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது: இவையெல்லாம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் அல்ல. 'உன்னைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கோபத்தை விடு' என்ற விண்ணப்பம். அன்று மணி என்னிடம் விண்ணப்பம் செய்துகொண்டது. நான் அதையே சாட்சியாக வைத்துத் தீர்ப்பு எழுதினேன். அது போதாதென்று, 'இங்கே வா' என்ற சொல்லுக்குப் பலனாக நாலு அடியும் கொடுத்தேன். மோஸ்டும் பாவ்லாவும் பிரிலாண்டும் ஏகமனதாகச் சொன்ன ஒன்று உண்டு: நாய்க்குச் செய்கையும் பலனும் ஒட்டி வர வேண்டும். அந்த விதிப்படி மணி என்னிடம் கச்சிதமாகப் பாடம் கற்றுக்கொண்டது. கூப்பிட்டால் போகக் கூடாது என்பதே அந்தப் பாடம்.

அதை மீட்டுக் கொடுத்தவள் என் பெண். அப்போது அவளுக்கு ஏழு வயது. எந்த நூலும் அவள் படித்ததில்லை. கூடத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, மணியைப் பார்க்காமலே, பக்கத்தில் ஒரு துண்டு ரொட்டியை வைப்பாள். "நீங்க கூப்பிடாதீங்கப்பா. அதுவா வரட்டும்" என்பாள். பத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதுவாக வந்தது. பிறகு நான் உட்கார்ந்தேன். எனக்கு இன்னும் அதிக நாள் ஆயிற்று.

பிரம்பை முறித்துப் போட்டுவிட்டேன். மணி பதின்மூன்று வருஷம் எங்களோடு இருந்தது. கடைசிக் காலத்தில் காது கேட்காது, கண்ணும் மங்கல். நான் எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கும். ஆனால் அலமாரி மேலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுக்க நான் சட்டென்று கையை உயர்த்தினால், அந்த மங்கிய கண் அதை எப்படியோ பார்த்துவிடும். தலை ஒரு கணம் தாழும். லெனின்கிராடு நாய்க்குக் கதவு இடுக்குத் தண்ணீர். எங்கள் மணிக்கு என் கை.

பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது என்று எழுதத்தான் எனக்கு ஆசை. கதாசிரியனுக்கு அது சுலபமான முடிவு. ஆனால் எனக்கு வேண்டியதை அதன் முகத்தில் படித்துத்தான் ஒரு தடவை அதை அடித்தேன். இரண்டாம் தடவை அப்படிப் படிக்கமாட்டேன்.